‘நண்பர்’ எங்கிருந்து வந்தார்? – நவோகி உரசாவாவின் பயங்கரச் சித்திரக்கதை பற்றிச் சில குறிப்புகள்

உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படிக்கும் மாணவன் ஒருவன் ஒருநாள் இடைவேளையில் வந்து, “சேர், நீங்க கொமிக்ஸ் வாசிப்பீங்களா?” என்று கேட்டான். சின்ன வயதில் முத்து காமிக்ஸ் வாசித்தது, இரும்புக்கை மாயாவி ஞாபகம் இருக்கிறது என்றேன். அவன் சிரித்துவிட்டு, “இது அப்படி இல்ல சேர். பேய் பிசாசு ஒண்டும் இல்ல. ஆனா பயம் வரும்” என்றான். அவன் தந்தது ஜப்பானிய மங்கா ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு. தவணை விடுமுறையில் தொடங்கினேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 பக்கங்கள் கொண்ட 24 புத்தகங்கள். விடுமுறை முடிந்த பிறகும் இரவுகளில் அதுதான் வேலையாக இருந்தது.

முடித்துவிட்டேன் என்று சொன்னபோது அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “சேர், அப்ப பிழை அந்த ‘நண்பர்’ல இருக்கா, கெஞ்சியில இருக்கா?” உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

அந்த மங்காவின் பெயர் ‘20ஆம் நூற்றாண்டுச் சிறுவர்கள்’. எழுதி வரைந்தவர் நவோகி உரசாவா. கதையமைப்பில் அவருக்குத் துணைநின்றவர் தக்காஷி நாகசாகி. 1999இல் ஒரு வார இதழில் தொடராக ஆரம்பித்து 2006 வரை வந்தது. ‘21ஆம் நூற்றாண்டுச் சிறுவர்கள்’ என்ற தலைப்பில் முடிவுப் பகுதி 2007இல் வெளியாயிற்று. பின்னர் மூன்று திரைப்படங்களாகவும் எடுத்தார்கள். இன்பமாக வாழ வழி சொல்கிறேன், உன் தனிமையைப் போக்குகிறேன் என்று ஆட்களைச் சேர்க்கும் ஒரு மூடிய கூட்டம் எப்படி நாட்டையே விழுங்குகிறது என்பதே இதன் கதை. கதையின் முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பற்றி எழுத முடியாது. வாசிக்க எண்ணியிருப்போர் இதை மனதில் கொள்ளவும்.

கதை

1969ஆம் ஆண்டு. டோக்கியோவில் ஒரு சாதாரண குடியிருப்பு. புல் மண்டிய வெற்றுக் காணியொன்றில் சில சிறுவர்கள் புல்லை முடிந்து ஒரு குகை அமைக்கிறார்கள். அதுதான் அவர்களுடைய ‘இரகசியத் தளம்’. தங்களுக்கென்று ஒரு சின்னம் வரைகிறார்கள். கெஞ்சி என்ற சிறுவன் ஒரு கொப்பியில் எதிர்காலக் கதை எழுதுகிறான். கெட்டவர்கள் கிருமியைப் பரப்புவார்கள், நகரங்கள் அழியும், அரக்க ரோபோ வரும், வீரர்கள் எழுந்து உலகைக் காப்பாற்றுவார்கள் என்று போகிறது அது. நமது ஊர்ப் பெடியன்கள் கடற்கரையில் விளையாடிய விளையாட்டுகளும் இந்த வகைதான்.

காலம் ஓடுகிறது. 1990களின் கடைசியில் கெஞ்சி நடுவயதை நெருங்குகிறான். ரொக் பாடகனாகும் கனவு கைவிட்டுப் போயிற்று. குடும்பத்தின் பழைய மதுக்கடையை மாற்றி, ஒரு பெரிய கம்பனியின் பெயர்ப்பலகையின் கீழ் சில்லறைக் கடை நடத்துகிறான். அக்கா கிரிகோ விட்டுப்போன குழந்தை கன்னாவை முதுகில் கட்டிக்கொண்டே வேலை செய்கிறான். அவனுடைய வாடிக்கையாளர் குடும்பமொன்று திடீரெனக் காணாமற்போகிறது. அந்த வீட்டில் ஒரு சின்னம் வரையப்பட்டிருக்கிறது. எங்கோ கண்டது போல இருக்கிறதே என்று யோசிக்கிறான். அதே வேளையில் அவனோடு சிறுவயதில் படித்த ‘டொன்கி’ என்ற பட்டப்பெயருடைய நண்பன் கட்டடமொன்றின் உச்சியிலிருந்து விழுந்து இறந்த செய்தி வருகிறது. டொன்கி ஒரு விஞ்ஞான ஆசிரியர். தற்கொலை என்கிறார்கள். ஆனால் சாவதற்கு முன் அவர் கெஞ்சிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். இந்தச் சின்னம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்பதே அதில் இருந்த கேள்வி.

அது சிறுவர்கள் புல் குகையில் வரைந்த சின்னம். இப்போது அது ஓர் இயக்கத்தின் கொடி. அதன் தலைவருக்குப் பெயர் இல்லை. அவரை எல்லோரும் ‘நண்பர்’ என்றே அழைக்கிறார்கள். கெஞ்சி கொப்பியில் எழுதிய அழிவுகள் வரிசையாக உலகில் நடக்கத் தொடங்குகின்றன. அதாவது அந்த ‘நண்பர்’ அந்தப் புல் குகையை அறிந்த ஒருவர்; தங்களோடு விளையாடியவர். ஆனால் யார்? எவ்வளவு யோசித்தும் கெஞ்சிக்கு அந்த முகம் ஞாபகம் வருவதில்லை.

எனக்குத் தெரிந்தவரை இந்தப் புத்தகத்தின் உண்மையான பயம் இங்கேதான் இருக்கிறது. கெஞ்சி பழைய வகுப்புத் தோழர்களைச் சந்தித்துப் பெயர் பெயராக நினைவுபடுத்துகிறான். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு ஞாபகங்கள். “அங்க இன்னொருத்தன் இருந்தானே” என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவருக்கு அது தெரியவே தெரியாது. உரசாவா வரையும் விதமும் இதற்கு ஒத்துப்போகிறது. அந்தச் சிறுவனின் முகத்தில் எப்போதும் நிழல் விழுந்திருக்கும். அல்லது திருவிழாவில் வாங்கிய விளையாட்டு முகமூடி இருக்கும். பெரியவனான பின்னும் அதேதான். இரத்தமோ பிணமோ காட்டி நம்மைப் பயமுறுத்துவது அவருக்குப் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ‘விளையாட வா’ என்று சின்னப் பிள்ளை கூப்பிடுவதுபோல் ஒரு வசனத்தைச் சரியான பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், கை குளிர்ந்துவிடுகிறது.

யோகா வகுப்பிலிருந்து ஆரம்பித்தது

இது வெறும் கற்பனை என்று ஜப்பானிய வாசகர் எவரும் 1999இல் நினைத்திருக்கமாட்டார்கள். அதற்கு நான்கு வருடங்களுக்கு முன், 1995 மார்ச் 20ஆம் திகதி காலையில், டோக்கியோ சுரங்க ரயில்களில் சரின் என்ற நச்சு வாயு விடப்பட்டது. இறந்தவர் தொகை 14 என்று இன்று கணக்கிடப்படுகிறது. அவர்களில் ஒரு பெண் 25 வருடங்கள் படுக்கையிற் கிடந்து 2020இல்தான் இறந்தார். பாதிக்கப்பட்டோர் ஆயிரக்கணக்கானோர். செய்தது ‘ஓம் ஷின்ரிக்யோ’ என்ற இயக்கம்.

அந்த இயக்கம் 1984இல் ஒரு யோகா வகுப்பாகவே தொடங்கியது. உடம்பைச் சீராக்கலாம், மனதை அடக்கலாம், உன்னுள் மறைந்திருக்கும் ஆற்றலை வெளிக்கொணரலாம் என்பவையே ஆரம்ப வாக்குறுதிகள். வந்தவர்களில் வைத்தியர்களும் விஞ்ஞானப் பட்டதாரிகளும் இருந்தார்கள். படிப்பறிவில்லாதவர்தான் இப்படியான கூட்டங்களில் விழுவார் என்ற நமது எண்ணத்துக்கு இது நேர்மாறானது. 1990இல் அவர்கள் பாராளுமன்றத் தேர்தலில் 25 பேரை நிறுத்தினார்கள். தலைவர் ஷோகோ அசஹாராவின் முகத்தை முகமூடியாக அணிந்துகொண்டு தொண்டர்கள் தெருவில் ஆடிப்பாடினார்கள். மக்கள் சிரித்தார்கள். ஒருவர்கூட வெல்லவில்லை. ஐந்து வருடத்தில் சுரங்க ரயிலில் மனிதர் செத்தார்கள். அசஹாராவும் இயக்கத்தினர் 12 பேரும் 2018 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

முகமூடி, தேர்தல், நச்சு, சிரிப்பூட்டும் வெளித்தோற்றம் எல்லாம் உரசாவாவின் கதையிலும் இருக்கின்றன. ‘நண்பர்’ கட்சி அமைக்கிறார். ஆனால் அசஹாரா தோற்ற இடத்தில் ‘நண்பர்’ வெல்கிறார். 2000ஆம் ஆண்டின் கடைசி இரவில் டோக்கியோவில் கிருமி பரப்பப்படுகிறது. அதைத் தடுக்கப் போனவர்கள் கெஞ்சியும் தோழர்களும். மறுநாள் உலகத்துக்குச் சொல்லப்பட்டதோ வேறு: தாக்கியவர்கள் கெஞ்சி கூட்டத்தினர், காப்பாற்றியவர் ‘நண்பர்’.

இதற்கும் ஒரு நிஜச் சம்பவத்தின் சாயல் இருக்கிறது. டோக்கியோத் தாக்குதலுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 1994 ஜூனில், மத்சுமோத்தோ என்ற நகரில் இதே ஓம் இயக்கம் இதே வாயுவை விட்டது. முதலில் பொலிஸுக்கு அறிவித்தவர் அங்கு வாழ்ந்த யோஷியுகி கோனோ என்பவர். அவருடைய மனைவி நினைவிழந்து கிடந்தார். 2008இல் அந்நிலையிலேயே இறந்தார். ஆனால் பொலிஸாரும் பத்திரிகைகளும் சந்தேகப்பட்டது கோனோவையே. அடுத்த வருடம் டோக்கியோவில் ஆட்கள் செத்த பிறகுதான் அவர் மீதிருந்த பழி நீங்கியது. ஒரு பொய்ப் பழி அப்பாவியை மட்டும் வருத்துவதில்லை, உண்மையான குற்றவாளிக்கு நேரத்தையும் வாங்கிக் கொடுத்துவிடுகிறது என்பதை இதிலிருந்து விளங்கலாம். உரசாவாவின் கதை முழுக்கப் பொய்ப் பழி என்ற இந்த ஒரு நூலிலேதான் தொங்குகிறது. முதல் வாசிப்பில் நான் அதைக் கவனிக்கவில்லை.

சிரித்த முகமும் வரலாற்றுப் பாடமும்

ஆசிரியர்கள் இந்தத் தொடரின் நடுப்பகுதியையாவது வாசிக்க வேண்டும் என்பேன். ‘நண்பர்’ ஆட்சியில் பாடப்புத்தகம் மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. கொய்சுமி என்ற பாடசாலை மாணவி ஒருத்தி வரலாற்றுப் பாட ஒப்படைக்கு 2000ஆம் ஆண்டுக் கடைசி இரவைத் தலைப்பாக எடுத்துக்கொள்கிறாள். அவள் புரட்சிக்காரியெல்லாம் இல்லை. படிப்பில் அக்கறை குறைந்த, எதையாவது எழுதிக் கொடுத்துத் தப்பினால் போதும் என்று நினைக்கும் ஒரு சாதாரண புள்ள. ஆனால் தேடத் தேடப் புத்தகத்தில் இல்லாத விஷயங்கள் வெளிவருகின்றன. கேள்வி கேட்டதற்காக அவள் ‘நண்பர் பூங்கா’வுக்கு அனுப்பப்படுகிறாள்.

அங்கே சவுக்கும் இருட்டறையும் இல்லை. கேளிக்கைப் பூங்கா போல வர்ணங்கள், பாட்டு, விளையாட்டு. கெஞ்சி கூட்டத்தாரை வில்லர்களாக வைத்துச் சுடும் விளையாட்டுகள். நன்றாகச் செய்தால் பாராட்டு. நீ மாறலாம், நீ இதைவிட நல்லவளாக வரலாம் என்ற உற்சாகம். சந்தேகம் என்பது ஒரு நோய், அதைக் குணமாக்க நாங்கள் உதவுகிறோம் என்ற பாவனை. சுயமுன்னேற்றப் பயிற்சிகளின் பாஷை அப்படியே இருக்கிறது. அது சிறைச்சாலை என்பதைக் கொய்சுமி விளங்கிக்கொள்ளும் பக்கங்கள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் சிரிப்பு வராதவரின் பயத்தை எழுத்தில் சொல்வது கஷ்டம். சித்திரத்தில் அதைச் சொல்ல முடிகிறது.

குறைகள்

இவ்வளவு புகழ்ந்த பிறகு குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, நீளம். வார இதழின் தேவைக்காக ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஒரு திடுக்கிடல் வைத்திருக்கிறார். பத்தாவது தடவை அது வரும்போது, கதவுக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று அறியும் ஆவல் நமக்கு இல்லாமற்போகிறது. இரண்டாவது, ‘நண்பர் யார்’ என்ற புதிரின் சுமை. முதலில் புகுபே என்ற பழைய தோழன்தான் ‘நண்பர்’ என்று வெளியாகிறது. அவன் இறக்கிறான். பிறகு ‘நண்பர்’ உயிர்த்தெழுந்ததாக உலகம் நம்புகிறது. அந்த முகமூடிக்குள் இப்போது இருப்பது இன்னொருவன். இந்தத் திருப்பம் புத்திசாலித்தனமானதுதான். ஆனால் வாசகரைத் துப்பறிபவராக்கி, மற்றக் கேள்விகளை மறக்கச் செய்துவிடுகிறது.

மூன்றாவது குறைதான் பெரியது. ‘நண்பரை’ப் பின்பற்றிய இலட்சக்கணக்கானோர் ஏன் போனார்கள்? வீட்டையும் பிள்ளையையும் விட்டு ஒரு மனிதன் அந்தக் கூட்டத்துக்குள் நுழையும் முதல் வாரம் எப்படி இருந்திருக்கும்? உரசாவா இதற்குள் போவதில்லை. அவருடைய தொண்டர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி உடுப்புப் போட்ட கூட்டமாகவே நிற்கிறார்கள்.

இந்த இடத்தை நிரப்பும் இன்னொரு சித்திரக்கதையும் உண்டு. அமெரிக்கர் நிக் ட்ரனாஸோ 2022இல் வெளியிட்ட ‘நடிப்பு வகுப்பு’. (இவருடைய ‘சப்ரினா’தான் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்ற முதலாவது சித்திர நாவல்; அது நடந்தது 2018இல்.) ‘நடிப்பு வகுப்பு’ நூலில் உலகம் அழிவதில்லை. வாழ்க்கை சலித்துப்போன கணவன் மனைவி, பிள்ளையின் மனநிலை பற்றிக் கவலைப்படும் தனித்த தாய், பேத்தியை நினைத்து வருந்தும் ஒரு மூதாட்டி, சிறையிலிருந்து வந்தவர் என்று சிலர், ஜோன் ஸ்மித் என்பவர் நடத்தும் நடிப்பு வகுப்புக்கு வருகிறார்கள். வேறொருவராக நடித்துப் பாருங்கள் என்கிறார் அவர். நடிக்கும்போது அவர்களுக்கு இதமாக இருக்கிறது. கற்பனைக் காட்சியையும் நிஜத்தையும் ட்ரனாஸோ ஒரே விதமாக, கோடு போட்டுப் பிரிக்காமல் வரைகிறார். எது எங்கே முடிகிறது என்று அவர்களைப் போலவே நமக்கும் தெரியாமற்போகிறது. அந்த வகுப்புக்கு எவரையும் யாரும் இழுத்துப் போகவில்லை. அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஆள் அந்த வாத்தியார்தான்.

ஹருகி முரகாமியும் சுரங்க ரயில் தாக்குதலுக்குப் பின் இதே கேள்வியோடுதான் போனார். முதலில் பாதிக்கப்பட்டவர்களையும், பிறகு ஓம் இயக்கத்தில் இருந்தவர்களையும் நேரிற் கண்டு பேசி எழுதினார். ‘அவர்கள் வேறு, நாம் வேறு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோக அவருக்கு மனம் இடந்தரவில்லை. உரசாவாவை வாசிப்பவர் இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் படம் முழுமையாகும்.

ஒரு பதக்கம்

அப்படியானால் உரசாவா எதைச் சொல்ல இவ்வளவு பக்கங்கள் எடுத்தார்? விடை கடைசி இரண்டு புத்தகங்களில் இருக்கிறது. கெஞ்சி சிறுவனாக இருந்தபோது, அந்தக் குடியிருப்பில் வயதான பெண்மணி ஒருவர் நடத்திய இனிப்புக் கடையிலிருந்து ஒரு விளையாட்டுப் பதக்கத்தைக் களவெடுத்தான். பழி இன்னொரு சிறுவன் மீது விழுந்தது. கெஞ்சி அதை அறிந்தும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து மற்றப் பிள்ளைகள் அந்தச் சிறுவனைச் செத்தவனாக நடத்தினார்கள். அவன் இல்லாதவன் போலவே விளையாடினார்கள். அவனுடைய முகம் எவருக்கும் ஞாபகம் வராததன் காரணம் இதுதான். மறந்துபோகவில்லை, பார்க்காமலே விட்டார்கள். இரண்டாவது ‘நண்பர்’ அவன்.

உலகைக் காப்பாற்றிய வீரனென்று எல்லோரும் கொண்டாடும் கெஞ்சி, கடைசியில் செய்யும் பெரிய காரியம் மன்னிப்புக் கேட்பது. அந்தக் கூட்டம் செய்த கற்பனைப் பழமையுலக இயந்திரத்துக்குள் நுழைந்து, சிறுவனான தன்னையே சந்தித்து, போய் உண்மையைச் சொல் என்கிறான். மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதரே மன்னிக்க வேண்டும் என்று சிறுவயதில் ஓதப் போன இடத்தில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். ஒரு ஜப்பானிய கொமிக்ஸில் அதை மறுபடி படிப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், நியாயமான ஆட்சேபம். சின்ன வயதில் அவமானப்பட்டான் என்பதற்காகக் கோடிக்கணக்கானோரைக் கொன்றவனுக்குப் பரிவு காட்டுவதா? உரசாவா அப்படிச் செய்யவில்லை என்பதே என் வாசிப்பு. சான்று டொன்கி. அவனும் ஏழை வீட்டுப் பிள்ளை. மூக்கொழுகி என்று கேலி செய்யப்பட்டவன். அவன் வளர்ந்து ஆசிரியரானான். தன் மாணவன் ஒருவன் அந்த இயக்கத்திற் சேர்ந்தபோது அவனைத் தேடிப் போனான், அதற்காகவே கொல்லப்பட்டான். காயம் இருவருக்கும் இருந்தது. ஒருவர் அதை வைத்து உலகைப் பழிவாங்கினார், மற்றவர் பிள்ளைகளைக் காக்கப் போனார். ஆகவே காயம் காரணத்தை விளக்கலாம், குற்றத்தைக் குறைக்காது. ஆனால் ஒரு வித்தியாசத்தையும் மறைக்கக் கூடாது. டொன்கியைக் கெஞ்சியின் கூட்டம் பிறகு தங்களோடு சேர்த்துக்கொண்டது. மற்றவனை ஒருவரும் சேர்க்கவில்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நம்மிடம் இந்த நாடு கேட்ட கேள்வி, “உங்களுக்குத் தெரியாதா? அவன் உங்களோடுதானே இருந்தான்?” என்பது. அந்தக் கேள்வியில் அநியாயம் இருந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றி முன்கூட்டியே முறையிட்டவர்களும் நம்மவர்களே. எந்தத் தொடர்பும் இல்லாத எத்தனையோ அப்பாவிகள் அந்த நாட்களில் சந்தேகத்துக்குள்ளானார்கள். எனவே “அவன் எங்களவன் இல்லை” என்று பதில் சொன்னோம். அச்சத்தில் இருந்த நேரத்தில் வேறென்ன சொல்வது? ஆனால் கெஞ்சி அந்தப் பதிலோடு நின்றுவிடவில்லை. அவன் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டவன், தலைமறைவாக அலைந்தவன். அப்படியிருந்தும், உலகம் தன் மேல் போட்ட பொய்க் குற்றத்தை மறுத்துக்கொண்டே, தான் உண்மையில் செய்த சின்னக் குற்றத்தையும் தேடினான். இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம் என்று காட்டியதுதான் இந்தப் புத்தகத்தில் எனக்குக் கிடைத்தது.

என் வகுப்பில்

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியனாகி இரண்டாம் வருடம். ஒன்பதாம் தரம். சுற்றுலாவுக்குச் சேர்த்த காசு இருந்த கடித உறை காணாமற்போயிற்று. சந்தேகம் ஒரு பிள்ளை மீது விழுந்தது. ஏன் அவன் மீது என்று கேட்டால், ஏழைப் பிள்ளை என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வகுப்பின் முன்னால் அவனுடைய புத்தகப் பையைக் கொட்டச் சொன்னேன். ஒன்றும் இல்லை. பின் வாங்கில் நிற்க வைத்தேன். அவனுடைய வாப்பாவையும் கூப்பிட்டுப் பேசினேன். மூன்று நாள் கழித்து அந்த உறை, திருத்துவதற்காக நான் வீட்டுக்குக் கொண்டுபோன கொப்பிகளுக்கிடையில் இருந்தது. வகுப்பில் “காசு கிடைச்சிட்டு” என்று மட்டும் சொன்னேன். எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை எந்த இரகசியக் கூட்டத்திலும் சேரவில்லை. சாதாரணதரம் எழுதிவிட்டுப் படிப்பை விட்டார். இப்போது பெயின்ட் வேலை செய்கிறார், பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார், வழியில் கண்டால் ஸலாம் சொல்வார். இந்தத் தொடரை முடித்த கிழமை அவரைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். “விடுங்க சேர், அது எப்பயோ முடிஞ்ச கதை” என்றார். தேநீர் தந்தார். நான் எழும்பும்போது, “எண்ட வாப்பாட்ட மட்டும் நீங்க சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும் சேர். அவர் மவுத்தாகும் வரைக்கும் நான்தான் எடுத்தெண்டு நினைச்சிட்டிருந்தார்” என்றார். அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

மாணவன் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடமுள்ள பதில் இது. குற்றம் ‘நண்பர்’ மீதுதான். கொன்றவர் அவர், கெஞ்சியின் மௌனத்தைக் காட்டி அதில் ஒரு துளியையும் கழிக்க முடியாது. ஆனால் கெஞ்சிக்கு ஒரு கடன் இருந்தது. ‘நண்பர்’ எவ்வளவு பெரிய பாவியானாலும் அந்தக் கடன் அழிந்துபோகாது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான் பிழை. இதை அவனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப கெஞ்சி முதல்லயே சொல்லியிருந்தா ஒண்டும் நடந்திருக்காதா சேர்?” என்று கேட்டான். அது எவருக்கும் தெரியாது, நடந்திருக்கலாம், ஆனால் அந்தப் பையன் களவெடுக்கவில்லை என்பதை ஊர் அறிந்திருக்கும் என்றேன்.

உரசாவா தன் கதையை 1973ஆம் ஆண்டுக் காட்சியொன்றோடு ஆரம்பிக்கிறார். கெஞ்சி பாடசாலையின் ஒலிபெருக்கி அறைக்குள் புகுந்து, பகல் இடைவேளையில் வழமையான மெல்லிசைக்குப் பதிலாக ஒரு ரொக் பாட்டைப் போடுகிறான். அந்தப் பாட்டின் பெயர்தான் புத்தகத்தின் பெயரும். பாட்டு போயிற்று, ஒன்றுமே மாறவில்லை என்று அவன் நினைக்கிறான். வாசகரும் அப்படியே நினைத்துக் கடந்துபோகிறார். கடைசிப் புத்தகத்தில் அதே நேரத்தை உரசாவா மறுபடி காட்டுகிறார். அந்த வேளையில் பாடசாலைக் கூரையில் ஒரு சிறுவன், குதிப்பதற்காக நின்றுகொண்டிருந்தான். பாட்டைக் கேட்டு நின்றுவிட்டான். கெஞ்சிக்கு அது தெரியவே தெரியாது.

இருபத்துநான்கு புத்தகங்களையும் வாசிக்க நேரமில்லாதவர்கள் முதல் ஐந்தையும் கடைசி இரண்டையுமாவது வாசிக்கலாம். சில பக்கங்களில் வன்முறை இருப்பதால் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வாசித்தால் நல்லது. ஆசிரியர்கள் வாசித்தால் அதைவிட நல்லது.